உப்பு தாதாவும் ஒரு கிண்ணம் மஞ்சளும்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கியிருக்கிறேன். அதில் இரண்டு பேர் கொழுந்தன் பிள்ளைகள், ஆனால் சோறு ஒரே பானைதான். துறைமுக வேலைக்கு வந்த என் மனுஷனுக்குப் பின்னால் தூத்துக்குடியிலிருந்து கல்கத்தா வந்து ஐம்பது வருஷம் ஆகிறது. இந்த ஊரில் எத்தனையோ கிறுக்கர்களைப் பார்த்துவிட்டேன். ஆனால் சித்திரை வெயிலில் குடையைத் தன் தலைக்குப் பிடிக்காமல், சோதனைக்கு எடுத்த தண்ணீர் பாட்டிலுக்குப் பிடித்துக்கொண்டு நடந்த மனுஷர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர்தான் உப்பு தாதா. வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன்; ரவுடி என்று நினைத்துவிடாதீர்கள். அவர் கொசுவைக்கூட வாயால் ஊதித்தான் விரட்டுவார்.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நியூ டவுனில் என் கடைசி மகன் சுந்தர் வாங்கிய வீட்டின் பின்னால் ஒரு நீச்சல் குளம் இருந்தது. முன்னால் குடியிருந்தவர் கட்டியது. நாலடி ஆழம். என் முட்டியைப் பார்த்த டாக்டர், "தண்ணிக்குள்ள நடங்க" என்றார். மருமகள் கல்பனா ஒரு சுடிதார் வாங்கிக் கொடுத்தாள். வாழ்க்கையில் முதல் சுடிதார், முதல் நீச்சல் குளம், இரண்டும் ஒரே நாளில். மாடிப்படியில் நாலு படிக்கு ஒருதரம் நிற்கிறவள், தண்ணீருக்குள் பத்துச் சுற்று நடந்தேன். உள்ளே இறங்கினால் எனக்கு முப்பது வயதுதான்.

ஆனால் குளோரின் பொடி போட வந்த ஆள் கோலமாவு தூவுவது போல அள்ளி அள்ளிப் போட்டான். கண் எரிந்தது, கை தடித்தது. வீடு முழுக்க ஆஸ்பத்திரி வாடை. கல்பனா முடிவாகச் சொல்லிவிட்டாள். "அத்தை, இது சரிவராது. மண்ணைக் கொட்டி மூடிட்டு கார் நிறுத்தலாம்."

தண்ணீருக்குள் நடக்கிற அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் நான் காலையில் எழுந்திருப்பதே. "உப்புத் தண்ணி மெஷின்னு ஒண்ணு இருக்காம்மா, கடைசியா அதையும் பாத்துடுவோம்" என்று சுந்தர் யாரையோ விசாரித்து, ஹவுராவிலிருந்து உப்பு தாதாவை வரவழைத்தான்.

ஹவுராப் பட்டறை ஒன்றில் வேலை பார்த்த தமிழருக்கு அங்கேயே பிறந்த பிள்ளை. அவர் தமிழில் எல்லாம் ஆண்பிள்ளை. மோட்டார் வருவான், பைப் உடைவான், தண்ணீர் கோபப்படுவான். குளோரின் பட்டுப் பட்டு முழுக்கைச் சட்டையெல்லாம் வெள்ளைப் பொட்டு. வந்ததும் செருப்பைக் கழற்றினார், குளத்தருகே குந்தினார், ஒரு விரலை முக்கி நாக்கில் வைத்தார்.

"ஐயையோ! என்ன தாதா, காலையில நான் முங்கின தண்ணியை நாக்குல வைக்குதீரே, அருவருப்பா இல்லையா?"

"மாஷிமா, டாக்டர் கையைப் பிடிச்சுப் பாக்குறாரு. தண்ணிக்குக் கை இருக்கா?" என்றார். மாஷிமா என்றால் சித்தி முறை.

பிறகு கண்ணை மூடி யோசித்துவிட்டு, "தேங்காய் எண்ணெய். தலை நிறைய. தேச்சுக்கிட்டே யாரோ இறங்கியிருக்காங்க" என்றார்.

கல்பனா என்னைப் பார்த்தாள். நான் மாமரத்தைப் பார்த்தேன்.

சோதனைப் பட்டையும் வைத்திருந்தார். அதை முக்கி நிறம் பார்ப்பது, தன் நாக்கைச் சரிபார்க்க அல்ல, பட்டை சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத்தானாம்.

மெஷின் தேர்ந்தெடுத்த கதைதான் கூத்து. சுந்தர் மூன்று கம்பெனிப் படங்களை மேஜையில் பரப்பினான். என் மூத்தவளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட இவ்வளவு விசாரிக்கவில்லை. "நம்ம குளத்துக்குச் சரியான அளவு இதுதான்" என்று சுந்தர் ஒன்றைக் காட்டினான்.

"சரியான அளவுன்னா அவன் ராத்திரி பகல் ஓடியே சாவான். ஒன்றரை மடங்கு பெரியவனா பாரு. பாதி நேரம் வேலை செய்வான், பாதி நேரம் தூங்குவான், பல நாள் வாழ்வான்."

அடுத்து, "கெட்டில் எங்க?" என்றார். டீ கேட்கிறார் என்று நினைத்துக் கொண்டுவந்தேன். மூடியைத் திறந்து உள்ளே தலையை விட்டார். அடியில் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளையாகப் படிந்திருந்தது. எங்கள் போர் தண்ணீர் அப்படி.

"பாத்தியா? இதே வெள்ளை மெஷின் தகட்டுலயும் உக்காருவான். கரண்டை மாத்தி மாத்திவிட்டுத் தன்னைத் தானே கழுவிக்கிறவன்தான் இந்த வீட்டுக்கு வேணும்." இரண்டு படங்களை மடித்துத் தூரப் போட்டார். மூன்றாவதைக் கெட்டிலுக்கு அடியில் வைத்தார். சம்பந்தம் முடிந்தது. அதன் பிறகுதான், "இப்ப டீ சாப்பிடலாம்" என்றார்.

கல்பனா கெட்டிக்காரி. "அப்ப உப்பு போட்டா குளோரினே இருக்காதுல்ல?" என்று மடக்கினாள்.

"இருக்கும் தீதி. இல்லேன்னு சொல்றவன் பொய்யன். உப்புலேர்ந்து மெஷின் கொஞ்சம் கொஞ்சமா குளோரின் செய்வான். அந்த ஆள் அள்ளிக் கொட்டினான், இவன் கிள்ளிப் போடுவான். அவ்வளவுதான் வித்தியாசம்." அவளை அவர் தீதி, அதாவது அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

விற்க வந்தவர் இப்படி உண்மை பேசி நான் பார்த்ததில்லை. ஆனால் உப்பு விஷயத்தில் எனக்கும் அவருக்கும் முட்டிக்கொண்டது. லேக் மார்க்கெட்டில் நல்ல கல்லுப்பு கிடைக்கும், அதையே போடலாம் என்றேன். "அதுல மண்ணும் இரும்பும் இருக்கு மாஷிமா. குளம் கறையாயிடுவான்."

"உப்பளத்துக்குப் பக்கத்துல பெறந்து வளந்தவகிட்டயே உப்பைப் பத்திச் சொல்லுதீரா?"

"உங்க உப்பு ரசத்துக்கு ராஜா. குளத்துக்குச் சுத்தமான உப்பு, அயோடின் கலக்காதவன்." ஒரு வழியாக என் ஊரை ராஜா என்று ஒப்புக்கொண்டார், நானும் விட்டுக்கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை மெஷினை மாட்டி, உப்பு மூட்டைகளைக் கொட்டினார். "ஒரு நாள் முழுக்கக் கரையட்டும். நாளைக்குத்தான் மெஷினை எழுப்பணும். யாரும் எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இங்கேதான் நான் தப்புப் பண்ணினேன். புது வீட்டுக்குள் உப்பு நுழைகிறது என்றால் கூடவே மஞ்சளும் நுழைய வேண்டாமா? என் ஐந்து பேர் வீட்டுக்கும் பால் காய்ச்சும் முன்னால் அப்படித்தான் வைத்தேன். இத்தனை மூட்டை உப்புக்கு ஒரு துண்டு மஞ்சள் எப்படிக் காணும்? சனிக்கிழமை காலையில் ஒரு கிண்ணம் நிறைய மஞ்சள்பொடியைக் கொண்டுபோய், சாமியை நினைத்துக்கொண்டு கவிழ்த்துவிட்டேன்.

உப்பைக் கரைக்க ஓடிக்கொண்டிருந்த மோட்டார் நன்றாகக் கலக்கிவிட்டது. அரை மணியில் குளம் முழுக்கச் சாம்பார்.

கல்பனா வந்து பார்த்தாள். போனை எடுத்துக் கான்ட்ராக்டரிடம், "நாளைக்குப் பத்து மணிக்கு அளவெடுக்க வந்துடுங்க, மூடிடலாம்" என்றாள். நான் சமையலறையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

உப்பு தாதா வந்தார். குளத்தைப் பார்த்தார். விரலை முக்கி நாக்கில் வைத்தார். "மஞ்சள்" என்றார். அது எங்களுக்கே தெரிந்திருந்தது. "யாரு?"

"நான்தான்" என்றேன். சமையலறையிலிருந்து கிண்ணத்தோடு வெளியே வந்தேன்.

கையைத் தட்டிச் சிரித்தாரே பார்க்கலாம்! "மாஷிமா, மெஷின் வேலை செய்யுறான்னு தீதிக்கு எப்படிக் காட்டுறதுன்னு ராத்திரியெல்லாம் யோசிச்சேன். குளோரின் கண்ணுக்குத் தெரியமாட்டான். நீங்க தெரியவச்சுட்டீங்க. குளோரின் வந்தா இந்த நிறத்தைத் தின்னுடுவான். தின்னலேன்னா நானே மண் கொட்டுறேன்."

சுவிட்சைப் போட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். வடிகட்டியை நாலு தடவை கழுவினார். நடுநடுவே தண்ணீரிடம், "சாப்பிடுடா, சாப்பிடு" என்று வங்காளத்தில் கெஞ்சினார். நான் மோர்சாதம் கொடுத்தேன். அதையும் பார்வையை எடுக்காமலே சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் படகில் ஆற்றைக் கடந்து, நான் பல் விளக்கும் முன்பே வந்து நின்றார். இரண்டு பேருமாகப் பின்கட்டுக் கதவைத் திறந்தோம். அடியில் பதித்த நீல ஓடு ஒவ்வொன்றையும் எண்ணலாம், அப்படி இருந்தது தண்ணீர். படிக்கட்டு ஓரத்தில் மட்டும் ஒரு மஞ்சள் கோடு. உப்பு தாதா அதைத் தன் கைக்குட்டையால் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

பட்டையில் அளவு சரி என்று பார்த்துவிட்டு, கல்பனாவை இறங்கச் சொன்னார். அவள் முங்கி எழுந்து, கண்ணைத் திறந்து திறந்து மூடினாள். "எரியலையே!" என்றாள். வாடையும் இல்லை. பத்து மணிக்கு டேப்போடு வந்த கான்ட்ராக்டரிடம், "கார் வெளியிலயே நிக்கட்டும். நீங்க டீ குடிச்சுட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டாள்.

அன்று நான் பதினாலு சுற்று நடந்தேன். கரையில் நின்று அவர் எண்ணினார். பதினைந்து என்று சாதித்தார்.

இப்போது குளத்தை நாங்களே பார்த்துக்கொள்கிறோம். மழைக்காலம்தான் தொல்லை, மழைத்தண்ணீர் நிரம்பி வழிந்தால் உப்புக் குறைந்துபோகும். மேகம் இருட்டினால் என் பிள்ளைகள் போன் பண்ணி, "அம்மா, நனையாதே" என்பார்கள். உப்பு தாதாவும் ஹவுராவிலிருந்து போன் பண்ணுவார். "மாஷிமா, தண்ணி நனைஞ்சுட்டானா?" என்பார்.

முன்பெல்லாம் வானம் கறுத்தால் கொடித் துணியை எடுக்க ஓடுவேன். இப்போது துணி கிடக்கட்டும் என்று போன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

மீரா கண்ணு, நான் சொன்னதை எல்லாம் எழுதிட்டியா? எங்கே, முதல்லேருந்து ஒருதரம் வாசி, பாட்டி கேக்கேன்.