தடிப்பாலத்தில் பாவாடை கட்டியவர்

திருவிதாங்கூர் ராஜ்யம் முழுவதும் சல்லடை போட்டுத் தேடினாலும், பிள்ளை ஆணா பெண்ணா என்று கேட்காமலே அதற்குத் துணி தைத்த தையல்காரர் ஒரே ஒருவர்தான் கிடைத்திருப்பார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் அவர் நெய்யூரில், ஆஸ்பத்திரிக்குப் போகிற பாதையில், ஒரு புளியமரத்தடியில் மிஷின் போட்டிருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, தெரியாது. துணியோடு யார் போனாலும் "பிள்ள என்ன செய்யும்?" என்றுதான் முதலில் கேட்பார். அதனால் ஊர் வைத்த பெயர் 'என்னசெய்யும்'.

"பெட்டப்பிள்ள, ஏழு வயசு" என்று பதில் சொன்னால் முறைப்பார்.

"அது கல்யாணத் தரகன் கேக்க வேண்டிய காரியம். மரம் ஏறுமா, ஓடுமா, இருந்த எடத்துல இருக்குமா? அதச் சொல்லு."

கொப்பரை வியாபாரியின் ஒரே மகனுக்குக் கவுன் வந்தது இப்படித்தான். அந்தப் பையன் விடிந்தது முதல் முறுக்குச் சட்டியை விட்டு நகராதவன். வியாபாரி கவுனைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்தார். இவர் ஊசியில் நூல் கோத்தபடியே, "இருந்து தின்னுத பயலுக்கு வயத்தப் பிடிக்காத உடுப்புதான் வேணும். நிக்கர் போட்டா பொத்தான் தெறிச்சு வழியில போறவனுக்கக் கண்ணு போவும் வே" என்றார். பையன் அதை ஒருமுறை போட்டுப் பார்த்தான். பிறகு கழற்ற மாட்டேன் என்று அழுதான். கடைசியில் வியாபாரியே இன்னும் இரண்டு கவுனுக்குத் துணி கொண்டுவந்தார். வீட்டுக்குள் மட்டும் போடுவதற்காம்.

கடியப்பட்டணத்து மீன்காரி ஒருத்தியின் மகளுக்கு நாலு பாக்கெட் வைத்த சட்டை.

"பெட்டைக்கு எதுக்கு வே நாலு பாக்கெட்டு?" என்று கேட்டாள் தாய்க்காரி.

"அவ மடியில நண்டு கட்டிக்கிட்டுல்லா வந்தா? அதுவ எங்க இருக்கும்?"

அடுத்த வாரம் அந்த மீன்காரி தான் மேலுக்குப் போடுகிற குப்பாயத்தைத் துவைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். "எனக்கும் ஒண்ணு வச்சுத் தாரும். வெத்தில வைக்கணும்."

இனி என் காரியம். நான் பயந்தாங்கொள்ளி. பள்ளிக்கூடத்தில் ஜெபத்துக்குக் கண்ணை மூடச் சொன்னால், இரண்டையும் மூடித் திறக்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்று ஒரு கண்ணை மட்டும் மூடுகிறவள். எங்கள் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் ஒரு கால்வாய். அதன் மேல் பாலம் என்று கிடந்தது ஒற்றைத் தென்னந்தடி. நிக்கர் போட்ட என் அண்ணன் அதில் ஓடியே போவான். கணுக்கால் வரை பாவாடை கட்டிய நான் அந்த மழைக்காலத்தில் இரண்டு தடவை தண்ணீரில் விழுந்தேன். இரண்டாம் தடவை சிலேட்டும் போயிற்று.

"பெட்டைக்குக் காலு உறைக்காது. படிச்சது போதும்" என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். அப்போது நான் இரண்டாம் வகுப்பு. எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கியிருந்தேன். அத்தோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

வீட்டோடு இருக்கப்போகிறவளுக்குப் பாவாடை தைக்க, அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு புளியமரத்தடிக்குப் போனார்.

"பிள்ள என்ன செய்யும்?"

"பயப்படும்" என்றார் அப்பா.

"பெறவு?"

"பள்ளிக்கூடம் போய்க்கிட்டிருந்து. இனி இல்ல. தடியில நடக்கத் தெரியல்ல."

தையல்காரர் கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். மறுநாள் காலையில், ஏழு முழத்தில் ஒரு பாவாடையைத் தனக்கே தைத்து, வேட்டிக்குப் பதில் அதைக் கட்டிக்கொண்டு கால்வாய்க்கரைக்கு வந்து சேர்ந்தார். மீசையோடு பாவாடை. குளித்துக்கொண்டிருந்தவர்கள் தலையில் எண்ணெயோடு கரையேறி நின்றார்கள். அவர் தடியில் ஒரு அடி வைத்தார். இரண்டு அடி வைத்தார். மூன்றாவது அடியில் பாவாடையை மிதித்து, ஊரே நனையும்படி விழுந்தார்.

பாசியைத் துப்பிக்கொண்டு எழுந்தவர் அப்பாவைத் தேடிப் பிடித்தார்.

"எனக்கக் காலு நல்ல காலு வே. துணியாக்கும் ஆளத் தள்ளுது. நம்பிக்கையில்லேன்னா நீரும் ஒருக்கக் கட்டிப் பாரும்."

சொட்டச் சொட்ட அந்தப் பாவாடையை அவிழ்க்கவே தொடங்கிவிட்டார். அப்பா சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தார். "செரி செரி, பிள்ள படிக்கட்டும்" என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

எனக்கு வந்தது முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நிற்கிற தொளதொள நிக்கர். நின்றால் பாவாடை போலிருக்க முன்னும் பின்னும் மடிப்பு. இடுப்பில் இரண்டு கயிறு. எதற்கு இரண்டு என்று கேட்டேன்.

"ஒண்ணு உடுப்புக்கு. மத்தது உனக்கப் பயத்துக்கு" என்றார்.

அதைப் போட்டுக்கொண்டு ஐந்தாம் வகுப்பு வரை போனேன். அதற்கு மேல் எங்கள் பள்ளிக்கூடத்தில் வகுப்பு இல்லை. இன்றைக்கு உங்களுக்கு நாலு வரி எழுதத் துணிவது அந்த மூன்று வருஷத்தை வைத்துத்தான்.

முதல் நாள் நான் தடியில் கால் வைத்தபோது, கீழே இடுப்பளவுத் தண்ணீரில் அவர் நின்றார். எனக்கு அழுகை வந்தது. நான் விழுவேன் என்று இவரும் நினைக்கிறாரா?

"உன்னப் பிடிக்க நிக்கல்ல மக்கா. தையலு விடுதான்னு பாக்கேன். நீ உனக்கப் பாட்டுக்குப் போ."

போனேன். விழவில்லை. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டுத் திரும்பியபோதும், அவர் அதே தண்ணீரில் நின்று தையலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.