சிரட்டைக் காக்காவும் படுத்த கல்லும்

மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரைகளிலும், எந்தக் கல்லையும் காய்ந்த நிலையில் நம்பாத மனிதர் ஒருவர்தான் இருந்தார். எங்கள் தெருவேலைக் கந்தோரின் சம்பள இடாப்பில் அவருக்கு ஏதோ ஒரு பெயர் இருந்தது. ஊருக்கு அவர் சிரட்டைக் காக்கா; காக்கா என்றால் எங்கள் பக்கத்து முஸ்லிம்களுக்கு அண்ணன்.

காத்தான்குடிக்காரர், கல் பிளக்கிறவர். கையில் எப்போதும் ஒரு தேங்காய்ச் சிரட்டைத் தண்ணீர். கல்லைக் கண்டால் ஊற்றுவார். ஈரம் பட்டதும் கறுப்பும் வெள்ளையுமாக வரிகள் தெளியும். அதைப் பார்த்த பிறகுதான் உளியை எடுப்பார். ஒரு கல்யாண வீட்டில், கை கழுவக் கொடுத்த தண்ணீரை வாசற்படியில் ஊற்றிவிட்டு அங்கேயே குந்திக்கொண்டார். என்ன குறை வைத்தோமோ என்று பெண்ணின் தகப்பனார் நடுங்கிப்போனார். மாப்பிள்ளை அவரைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே போனார்.

கந்தோரில் கிளாக்கராக இருந்த என்னிடம் ஒருநாள் கேட்டார்: "கிணறு வெட்டக்குள்ள பாத்திரிக்கிறீங்களா தம்பி? மணல், சேறு, மறுகா மணல். ஒவ்வொரு வெள்ளமும் ஒவ்வொரு பாய் விரிச்சிட்டுப் போயிரிக்கி. இந்தக் கல்லும் ஒரு காலத்தில அப்பிடிக் கிடந்ததுதான். மண்ணுக்குக் கீழ நெரிபட்டு, வெந்து, இறுகியிரிக்கி."

"ஆர் சொன்ன?"

"கல்லுதான்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மண்ணுக்குள் வரி எப்படிப் படுத்துக் கிடந்ததோ, கட்டிடத்திலும் அப்படியே படுக்க வேண்டும்; அவருக்கு அது ஒன்றுதான் சட்டம்.

யுத்தத்துக்கு முந்திய வருடங்களில், வாவியின் மேற்கே படுவான்கரைத் தோணித்துறைக்குப் படி கட்டினோம். எங்கள் இலாகாவின் பெரிய துரை பார்க்க வருவதாக இருந்தது. வேலையை மேற்பார்த்த ஓவசியர் வழுவழுப்பான ஒரு பலகைக்கல்லைத் தெரிந்தெடுத்து, கடைசிப் படியின் முகப்பில் நிமிர்த்தி வைத்தால் அழகாயிருக்கும் என்றார். காக்கா அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

"நிக்க வெச்சா உப்புத்தண்ணி வரிக்குள்ள பூரும் ஐயா. உரிஞ்சிரும்."

"உமக்கு வேலை வேணுமா, கல்லு வேணுமா?"

எட்டுப் பிள்ளைகளின் தகப்பன். நன்றாக யோசித்தார். அந்த நேரத்துக்குள் ஒரு தோணி வந்து, ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பியும் போயிற்று.

"கல்லுதான் ஐயா."

வேலை நிறுத்தல் கடிதத்தை எழுதியவன் நான். பயத்தில் எழுத்து வழக்கத்தைவிட அழகாக வந்து தொலைத்தது. துரை வந்தார், படியைப் புகழ்ந்தார், போனார். காக்கா ஊர் ஊராகக் கிணறு வெட்டப் போனார்.

மூன்றாம் மாரியில், நிமிர்த்தி வைத்த அந்தக் கல் ஏடு ஏடாக உரிந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிலேட்டுக்கென்று பொறுக்கிக்கொண்டு போனார்கள். பழைய ஓவசியர் மாற்றலாகியிருந்தார். புதியவர் காக்காவை அழைத்துவர என்னை அனுப்பினார். காக்கா ஏசப்போகும் ஏச்சுக்கு வழி முழுக்கப் பதில் தேடிக்கொண்டே போனேன்.

"காக்கா, அந்தக் கல்லு உரிஞ்சி போச்சு."

"ஆருக்கும் அடி பட்டதா?"

"இல்ல."

"அப்ப வாறன்," என்று சிரட்டையை எடுத்தார்.

புதுக் கல்லைப் படுக்க வைத்துவிட்டு அவர் நிமிர்ந்தபோது என்னால் பொறுக்க முடியவில்லை. "காக்கா, அந்தக் கடதாசி எழுதினது நான்தான்."

"தெரியும் தம்பி. எழுத்து நல்ல வடிவு. மடிச்சு வெச்சிரிக்கன்."

 காக்கா கண்ணை மூடி வெகுகாலமாகிறது. இன்றும் அந்தத் துறையில் இறங்கும்போது ஒரு கை வாவித் தண்ணீரைப் படியில் ஊற்றுவேன். வரிகள் தெளியும். அவர் பார்த்து முடிக்கட்டும் என்று கொஞ்சம் ஒதுங்கி நின்றுவிட்டு, பிறகுதான் காலை வைப்பேன்.