குடங்களைக் கொலு வைத்த நாள்

2025 ஆகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை. மலையாளப் புத்தாண்டு. குளித்தேன், கோவிலுக்குப் போய் வந்தேன், மூன்று தோசை சாப்பிட்டேன், வாசலில் கிடந்த செருப்புகளை அளவுப்படி அடுக்கினேன். (எங்கள் வீட்டில் வேறு யாரும் அடுக்க மாட்டார்கள்.) பிற்பகலில் அண்ணா மகள் ஸ்வாதி வந்தாள். அன்றைய நாட்குறிப்பில் ஒழுங்கு அந்த வரியோடு முடிகிறது.

கல்லூரிப் பிள்ளைகள் சிலர் சேர்ந்து, ஒரே மாதிரி மஞ்சள் சட்டை தைத்துக்கொண்டு, ஞாயிறுதோறும் ஏழைகளுக்குத் தொண்டு செய்கிறார்கள். அன்று சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் காலனியின் முறை.

"அங்க எல்லாம் தமிழாளுகளாக்கும், சித்தப்பா. பேசிப் புரியவைக்க ஒரு ஆள் வேணும். சும்மா வாங்கோ."

போனேன். காலனிப் பெண்களுக்கு ஒரு கொட்டகையில் வகுப்பு; தலைப்பு நீர்ச் சிக்கனம். ஒருநாள் விட்டு ஒருநாள், அதுவும் மாலையில் கொஞ்ச நேரம் மட்டும் தெருக்குழாயில் தண்ணீர் பார்ப்பவர்களுக்கு நீர்ச் சிக்கனம்! சரி, பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. ஆனால் இருபது வருடமாக இந்த ஊரில் உழைக்கும் அந்தப் பெண்களுக்கு என்னைவிட நன்றாக மலையாளம் தெரியும் என்பதையாவது விசாரித்திருக்கலாம் அல்லவா? எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. வெளியே வந்தேன்.

குழாயடியிலிருந்து மதில் வரை காலிக் குடங்கள். பச்சை, சிவப்பு, எவர்சில்வர், பெயின்ட் வாளி, எல்லாம் கலந்து கோணல்மாணலாக நின்றன. நடுநடுவே ஒரு உடைந்த மக்கு, ஒற்றைச் செருப்பு. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு பாதிச் செங்கல். யார் பார்த்தாலும் குப்பை என்றுதான் சொல்வார்கள். இன்றைக்கும் நான் அப்படித்தான் சொல்வேன்.

மஞ்சள் சட்டைத் தலைவன் நிகில் போட்டோ எடுக்க நல்ல இடம் தேடிக்கொண்டிருந்தான். எனக்குக் கை துறுதுறுத்தது. பெரியவை பின்னால், சிறியவை முன்னால், நிறவாரியாக, எவர்சில்வர் எல்லாம் நடுவில் என்று நவராத்திரிக் கொலு போலவே அடுக்கினேன். செங்கல்லும் மக்கும் செருப்பும் குப்பைச் சாக்குக்குள் போயின. நிகில் "அடிபொளி, அங்கிள்" என்று எட்டுப் படம் எடுத்தான்.

குழாய் கொர்ரென்றது. வகுப்பைப் பாதியில் விட்டுப் பெண்கள் ஓடி வந்தார்கள். வந்தவர்கள் கொலுவைப் பார்த்து அப்படியே நின்றார்கள். சாலை முக்கில் இட்லிக் கடை போட்டிருக்கும் செல்விதான் முதலில் வாய் திறந்தாள்.

"என் கல்லு எங்க?"

"எந்தக் கல்லும்மா?"

"விடியமுன்ன நான் கொண்டாந்து வச்ச கல்லு. இன்னைக்கு மொத ஆளு நானாக்கும்."

குடத்தை வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்டு, தன் பெயருக்கு ஒரு கல்லையோ செருப்பையோ வரிசையில் வைப்பது அந்தத் தெருவின் வழக்கமாம். (ஒரு அட்டையில் பெயர் எழுதி வைத்தால் என்ன?) நான் கலைத்தது குடங்களை அல்ல, ஒரு தெருவின் முறையை என்று புரிவதற்குள், எல்லோருமே முதல் ஆளாகிவிட்டார்கள். சண்டை குழாயை மறைத்தது. தண்ணீர் தன் பாட்டுக்குச் சாக்கடைக்குப் போனது. நான் குரலை உயர்த்தி, பெயர்களின் அகரவரிசைப்படி பிடிக்கலாம் என்றேன். அன்னம்மாள் என்பவர் மட்டும் ஆதரித்தார்.

பாதிக் குடங்கள்கூட நிறையவில்லை, குழாய் நின்றுவிட்டது. செல்வியின் குடத்தில் ஒரு சொட்டு இல்லை.

"அரிசி ஊறிக் கெடக்கு. எதை ஊத்தி அரைப்பேன்? காலையில கட்டட வேலைக்குப் போறவன் பசியோட வந்து நிப்பான். அவனுக்கு ஒங்க போட்டோவையா அவிச்சுப் போட, அண்ணாச்சி?"

நியாயமான கேள்வி. ஆனால் எட்டுப் படம் எடுத்தவனை விட்டுவிட்டு என்னை ஏன் கேட்க வேண்டும்? அதற்குள் ஸ்வாதி என்னைக் கேட்காமலே அறிவித்தாள்: "சித்தப்பா ஆத்துல கிணறு இருக்கு. எல்லாரும் வாங்கோ."

அப்புறம் நடந்ததைக் கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டே பார்த்தது. முன்னால் நான், பின்னால் குடங்களோடு காலனிப் பெண்கள், கடைசியில் தலைகுனிந்த மஞ்சள் சட்டைகள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் ஏதோ ஊர்வலம் என்று வழிவிட்டார்கள். கதவைத் திறந்த என் மனைவி மங்களம், "ஏன்னா, தொண்டு பண்ணப் போனேளா, இல்லே தண்டனை வாங்கிண்டு வந்தேளா?" என்றாள்.

நிகிலும் நண்பர்களும் முறை வைத்து இறைத்தார்கள். ராட்டினக் கயிற்றில் அவர்கள் உள்ளங்கை சிவந்தது. யாரும் படம் எடுக்கவில்லை. செல்விக்கு முதல் குடம். அவள் போகும்போது மங்களம் என்னைப் பார்த்துக்கொண்டே, "நாளைக்கும் பத்தலேன்னா பின்கதவு திறந்துதான் இருக்கும்" என்றாள். என் அபிப்பிராயம் கேட்கப்படவில்லை.

இப்போதும் நான் எதையாவது அடுக்கக் கை நீட்டினால் போதும், வீட்டில் யாராவது, "தொடாதேங்கோ, அது யாரோட கல்லோ" என்பார்கள். ஸ்வாதியின் நிச்சயதார்த்தத்தில் தாம்பூலத் தட்டுகளை நேர்ப்படுத்தப் போனபோது, மாப்பிள்ளை வீட்டாரே அதைச் சொன்னார்கள்.

அந்த ஞாயிறுக்கு மறுநாள் காலை பல் தேய்க்கப் பின்கட்டுக்குப் போனேன். கிணற்றடியிலிருந்து பின்கதவு வரை பச்சை, சிவப்பு, பெயின்ட் வாளி, ஒற்றைச் செருப்பு. எல்லாவற்றுக்கும் முன்னால், கழுவித் துடைத்த பாதிச் செங்கல். மகாக் கோணல். என் வீடு, என் கிணறு. உள்ளே போய் என் வாளியை எடுத்து வந்து, செருப்புக்குப் பின்னால் கடைசியில் வைத்தேன்.