கரும் ஆற்றல் ஐயாவின் கையெழுத்து

ஒரு காட்டில் வானத்தை அளந்து சொல்ல ஓர் அலுவலகம் இருந்தது. சோற்றுக்கே திண்டாடுகிற காட்டுக்கு இது எதற்கு என்று கேட்காதீர்கள். கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்.

அங்கே அளப்பவள் செங்கமலம் என்ற முள்ளம்பன்றி. நட்சத்திரக் கூட்டங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி ஓடுகின்றன, அந்த ஓட்டம் நாளாக ஆக வேகமெடுக்கிறது என்று கண்டுபிடித்தாள். ஈர்ப்பு விதிப்படி வேகம் குறைய வேண்டும்.

மேலாளர் குஞ்சிதபாதம் ஒரு கரடி. "கண்ணுக்குத் தெரியாத ஒருத்தர் தள்ளிவிடுறார். பேரு கரும் ஆற்றல்" என்றார்.

"ஐயா," என்றாள் செங்கமலம், "விதியே போதாம இருக்கலாமே? நம்ம ஓடைக்கரையில அளந்து எழுதினது அது. அவ்வளவு தூரத்துல ஈர்ப்பு வேற மாதிரி நடக்கலாம். விதியைக் கொஞ்சம் திருத்திட்டா யாரும் தள்ளவே வேண்டாம்."

"அடிப்பாவி! சிங்க ராஜாவோட தாத்தா எழுதின விதி அது. கைய வச்சே, வேலை போயிடும். ரெண்டு குட்டி இருக்குல்ல உனக்கு?"

இருந்தன. அந்த வேலையில்தான் மூன்று வயிறும் நிறைந்தது. மறுபடி அளக்கப் போனாள்.

விதியைத் திருத்த ஏழு பேர் அனுமதி வேண்டும், அல்லது இயக்குநர் கையெழுத்து. இல்லாத ஆளைச் சேர்க்க ஒரே படிவம் போதும். கரும் ஆற்றலுக்கு அடையாள அட்டை வந்தது. போட்டோ இருக்க வேண்டிய கட்டம் காலி.

"அச்சு அசல் அவரேதான்!" என்று பூரித்தார் கரடி.

பிரபஞ்சத்தில் ஏறக்குறைய எழுபது சதவீதம் அவர்தானாம். பெரும்பான்மை ஆயிற்றே, காலியாயிருந்த இயக்குநர் பதவியில் அவரையே உட்காரவைத்தார்கள். அவர் நாற்காலிக்குத் தினமும் டீ போனது, கரடி குடித்தார்.

ஒருநாள் செங்கமலம் லீவு கேட்டாள். அவள் கொடுத்த தாள் கையெழுத்தில்லாமல் அப்படியே திரும்பி வந்தது.

"டைரக்டர் கையெழுத்துப் போட்டுட்டார். தெரியலையா?" என்றார் கரடி.

அவளுக்குச் சட்டென்று பொறி தட்டியது. மறுநாள் விதித் திருத்தத்தை நீட்டினாள். அடியில் வெறுமை.

"டைரக்டர் ஐயாவே சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டுட்டாருங்க. தெரியலையா?"

கரடி தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். தெரியவில்லை என்று எந்த வாயால் சொல்வார்? முத்திரை குத்தினார்.

விதி திருந்தியது. பலே செங்கமலம் என்று நானும் கை தட்டினேன். அன்று சாயங்காலமே அவளுக்கு உத்தரவு வந்தது:

"புதிய விதிப்படி கரும் ஆற்றல் என்று எவரும் இல்லை. இல்லாதவர் கையெழுத்தைக் காட்டி ஏமாற்றியதற்காக நீ வேலைநீக்கம் செய்யப்படுகிறாய். இப்படிக்கு, குஞ்சிதபாதம், இயக்குநர் (பொறுப்பு)."

நீதி: உன் மேலதிகாரி என்று ஒருவர் கிடையவே கிடையாது என்று தெரிந்தால், தெரிந்ததோடு நிறுத்திக்கொள், நிரூபித்துத் தொலைக்காதே.