கோல் அடிக்காத மாப்பிள்ளை

சந்தேகப்படுவதற்குப் படிப்பு தேவையில்லை. நான் ஐந்தாவதோடு நின்றவன். ஆனாலும் சந்தேகத்தில் எனக்கு ஈடாக நிற்கக்கூடிய பட்டதாரி எங்கள் பக்கத்தில் யாரும் இல்லை. பால்காரர் சிரித்தால் பாலைப் பார்ப்பேன். சிரிக்காவிட்டால் இன்னும் கூர்ந்து பார்ப்பேன். ஆனால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். கூச்சம். கேட்காமல் உள்ளேயே வைத்துக்கொள்ளும் சந்தேகம், ஈரத்தோடு மூட்டை கட்டிய மல்லாட்டை மாதிரி (வெளியூர்க்காரர்கள் நிலக்கடலை என்பார்கள்). உள்ளுக்குள்ளேயே சூடேறி, பூஞ்சை பிடித்து, ஒரு நாள் கடை முழுக்க நாறிவிடும். என்னுடையது வாணியம்பாடியில் ஒரு தெரு முழுக்க நாறியது.

ஒடுகத்தூரில் எனக்கு மல்லாட்டை உடைக்கிற மிஷின் இருக்கிறது. அது ஓடும்போது யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. எனக்கென்றே வாய்த்த தொழில். ஞாயிற்றுக்கிழமை மிஷினை நிறுத்திவிட்டு எங்கள் குழுவின் கால்பந்து ஆட்டத்துக்குப் போய்விடுவேன். அங்கேயும் கத்த மாட்டேன். எதிராளியின் கோல்போஸ்ட்டுக்குப் பின்னால், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கையைக் கட்டி நிற்பேன். எங்கள் பையன்கள் அடிக்கிற கோல் என்னை நோக்கி வர வேண்டும் என்று ஓர் ஆசை.

எங்கள் மைதானத்தின் ஒரு முனையில்தான் ஜவ்வாது மலை ஏறத் தொடங்குகிறது. அந்தப் பக்கம் குறி தவறிய பந்து கொஞ்ச தூரம் மேட்டில் ஏறி, மனசு மாறி, தானே உருண்டு வந்துவிடும். அதையும் தாண்டினால் வனத்துறை வேலி. உள்ளே போன பந்து போனதுதான். அந்தக் கோடையில் எங்கள் முன்வரிசை அடித்த அடியில், ஃபாரஸ்ட் கார்டே ஒரு நாள் என்னிடம் சொன்னார்: "உள்ள கரடிங்க ஒரு டீமு ஆரம்பிச்சிடுச்சிபா. இன்னும் ரெண்டு பந்து அனுப்புனீங்கன்னா டோர்னமென்ட்டே வச்சிடும்."

எங்கள் பின்வரிசை மலை மாதிரி. எவனும் தாண்ட முடியாது. கோல்கீப்பர் நின்றபடியே தூங்கலாம். முன்வரிசைதான் சாபம். ஆறு ஆட்டம் ஆடினோம், ஆறும் பூஜ்யத்துக்குப் பூஜ்யம். சதீஷ் இடப்பக்கம் ஓடுவான், ஜெகன் வலப்பக்கம் ஓடுவான். கோல் எதிரே வாயைப் பிளந்துகொண்டு காலியாக இருக்கும். அடிக்க மாட்டார்கள். பந்தை நடுவில் இருக்கும் பிரகாஷுக்கே தள்ளுவார்கள். பிரகாஷ் காலைத் தூக்குவான். தூக்குகிறபோது ஒரு தடவை என்னைப் பார்ப்பான். பந்து கரடிக்குப் போய்விடும்.

இந்தப் பிரகாஷ்தான் என் மகள் கவிதாவுக்கு நிச்சயம் செய்த மாப்பிள்ளை.

ஜாதகம் பார்த்தது என் மனைவி செல்வி. நான் பார்த்தது ஆட்டம். போன வருஷம் அவன் அடித்த கோல்களைப் பார்த்துத்தான் தலையை ஆட்டினேன். வாணியம்பாடிப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை, கெட்ட பழக்கம் இல்லை என்று செல்வி சொன்னதெல்லாம் எனக்குக் காதிலேயே விழவில்லை. ஆனால் நிச்சயதார்த்தம் முடிந்த நாளிலிருந்து அவன் ஒரு கோல் அடிக்கவில்லை. ஒன்றுகூட.

எனக்குள் மூட்டை சூடேற ஆரம்பித்தது.

முதலில் அவன் காலில் புது ஷூவைப் பார்த்தேன். யார் வாங்கிக் கொடுத்தது? அப்புறம், இன்னும் மிச்சமிருந்த எங்கள் கடைசி ஆட்டம் வாணியம்பாடிக் குழுவோடு. அவர்களுடைய கோல்கீப்பர் இம்தியாஸ் ஒரு நாள் எங்கள் ஆட்டத்தைப் பார்க்க வந்து, ஓரமாக நின்று பிரகாஷைப் பார்த்துச் சிரித்தான். பிரகாஷும் சிரித்தான். ஆறு ஆட்டத்தில் கோல் அடிக்காதவனுக்கு எதைப் பார்த்துச் சிரிப்பு வரும்? கடைசியாக, வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் தனக்கு ஓவர்டைம் என்று கவிதாவிடம் போனில் சொல்கிறான். அதே ஞாயிற்றுக்கிழமை காலையில் சதீஷுக்கும் ஜெகனுக்கும் ஓவர்டைம். சதீஷ் வேலை செய்வது சலூனில். சலூனில் ஏது ஓவர்டைம்?

முடிவு செய்துவிட்டேன். மூவரும் விலை போய்விட்டார்கள். சொந்தக் குழுவையே விற்கிறவன் நாளைக்கு என் மகளை எப்படி வைத்துக்கொள்வான்?

செல்வியிடம் மெதுவாகச் சொன்னேன். "அந்தப் பையன் சரி இல்லயோன்னு தோணுது."

"இன்னா பண்ணான்?"

"பந்த மேல மேல அடிக்கிறான்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை நானே துப்பு துலக்கக் கிளம்பினேன். மூவருக்கும் பின்னாலேயே மாதனூர் போய் வண்டி மாறினேன். மூவரும் முன்சீட்டில். நான் கடைசி சீட்டில், துண்டைத் தலைக்கு முக்காடு போட்டு, கண் மட்டும் தெரிய. (சித்திரை வெயிலில் அப்படி உட்கார்ந்திருப்பவனை யாரும் கவனிக்க மாட்டார்கள் என்பது என் கணக்கு.) கண்டக்டர் எங்கள் ஊர்க்காரர். நேராக வந்து, "இன்னா மாமா, காய்ச்சலா?" என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார். இருமிக் காட்டினேன். நல்ல வேளை, முன்சீட்டுக்காரர்கள் திரும்பவில்லை.

வாணியம்பாடியில் இறங்கி, இரண்டு சந்து தள்ளி, ஒரு வீட்டை ஒட்டிய பெரிய முற்றத்துக்குள் மூவரும் நுழைந்தார்கள். தோல் காயப்போடுகிற இடமாக ஒரு காலத்தில் இருந்திருக்க வேண்டும். சுற்றுச்சுவர் என் தலைக்கு மேல் இருந்தது. சுவரோரம் காதை வைத்து நின்றேன். இம்தியாஸின் குரல் தெளிவாகக் கேட்டது.

"தோ பாரு பிரகாஷு, இந்தப் பக்கம் அடிச்சா நான் புடிச்சிடுவேன். அந்தப் பக்கமும் புடிச்சிடுவேன். புரிஞ்சுதா?"

"புரியுதுண்ணா," என்றான் என் வருங்கால மாப்பிள்ளை, அடக்க ஒடுக்கமாக.

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அடுத்த ஞாயிறு ஆட்டத்தை இந்த ஞாயிறே பேசி முடிக்கிறார்கள்! நாற்பத்தொன்பது வருஷமாக உள்ளே வைத்திருந்த சத்தம் எல்லாம் ஒரே நேரத்தில் தொண்டைக்கு வந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்க் கத்தினேன்.

"கல்யாணம் நின்னு போச்சி!"

மிஷின் ஓடும்போதுகூட அந்தச் சத்தம் கேட்டிருக்கும். பிரகாஷ் அடித்த பந்து காலை விட்டுப் போய் எங்கோ பாத்திரத்தில் விழுந்தது. இம்தியாஸ் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே கையுறையோடு நின்றான். அவனுடைய அம்மா டீ டம்ளர்களோடு வெளியே வந்தார். பின்னாலேயே பக்கத்து வீடுகள், எதிர் வீடுகள், தெருவில் போனவர்கள். கல்யாணத்தை நிறுத்துகிற சத்தம் கேட்டால் நம்மூரில் யாருக்குத்தான் வேலை ஓடும்?

வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் என் தோளில் கை வைத்து நாற்காலியில் உட்காரவைத்தார். (கோல்போஸ்ட்டாக இருந்த நாற்காலி.)

"பொண்ணோட அப்பாவா? பதறாதீங்க. நாங்க கீறோம். பையன் குடிக்கிறானா?"

"இல்லீங்க."

கூட்டத்திலிருந்து ஓர் அம்மா, "வேற பொண்ணு இருக்குதா? இந்தத் தெருவுலயா? யார் வூடு?" என்றார். அந்த வார்த்தையில் நாலைந்து வீட்டு ஜன்னல் திறந்தது.

"அய்யோ, இல்லீங்க."

"சீட்டாட்டமா?"

"இல்லீங்க."

"அப்போ இன்னாதாங்க பண்ணான்?"

எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். என் சத்தம் எல்லாம் எங்கே போனதோ, பழைய கூச்சம் வந்து உட்கார்ந்துகொண்டது.

"ஆறு மேட்சா… கோல் அடிக்கலீங்க."

தாடிக்காரர் என் தோளிலிருந்து கையை எடுத்தார். இம்தியாஸின் அம்மா, "மொதல்ல டீ குடிங்க," என்றார். நோயாளியிடம் பேசுகிற குரலில்.

பிரகாஷ் தலையைக் குனிந்தபடி சொன்னான். "மாமா, எல்லாம் உங்களாலதான். நிச்சயம் ஆனதுல இருந்து கோல்போஸ்ட்ட பாத்தா பின்னால நீங்க. கைய கட்டிக்கினு, மொறச்சிக்கினு. கால் நடுங்குது மாமா. பந்து மேல போய்டுது."

"நான் மொறைக்கல. என் மூஞ்சே அப்படித்தான்," என்றேன்.

"அவன் அடிச்சாதான் உங்களுக்கு சந்தோஷம்னு நாங்க எல்லா பந்தையும் அவனுக்கே குடுத்தோம்," என்றான் சதீஷ். "நாங்களே அடிச்சிருந்தா நாலு கோல் வந்திருக்கும்."

அதற்குத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி. இம்தியாஸ் ஷூ கம்பெனியில் பிரகாஷோடு ஒரே பெஞ்சில் வேலை செய்கிறவன். நண்பன் மாமனார் பயத்தில் இளைத்துப்போகிறானே என்று, எப்படி அடித்தால் கோல்கீப்பரிடம் மாட்டாது என்று இலவசமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். புது ஷூவும் கம்பெனியில் ஊழியர் விலைக்கு வாங்கியதாம்.

எனக்குப் பூமி பிளக்கவில்லை. பிளந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். திரும்பி வருகிற பஸ்ஸில் நால்வரும் ஒன்றாக உட்கார்ந்து வந்தோம். மாதனூரில் வண்டி மாறியபோது எனக்கு ஒன்று உறைத்தது.

"ஏம்பா, அடுத்த வாரம் அந்த இம்தியாஸ்தானே எதிர்ல கோலி?"

"ஆமா மாமா."

"நீங்க எப்டி எப்டி அடிப்பீங்கன்னு எல்லாம் அவனுக்குத் தெரியுமே?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நான் வீட்டுக்கு வருவதற்கு முன்பே என் சத்தம் வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்திருந்தது. அந்தத் தெருவில் யாரோ எடுத்த வீடியோ. கவிதா அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன்.

"ரேஷன்ல சக்கர ஏன் கம்மியா போட்டன்னு கேளுப்பான்னா கேக்க மாட்ட. என் கல்யாணத்த மட்டும் ஊரு விட்டு ஊரு போய் கத்தி நிறுத்துவியா? யாரைக் கேட்டு நிறுத்துன?"

"இல்லம்மா, ஒரு சந்தேகம்…"

"எனக்கு அந்தப் பையன புடிச்சிருக்குது. கோலு அடிச்சாலும் புடிச்சிருக்குது, அடிக்காட்டியும் புடிச்சிருக்குது. காலைல அவங்க வூட்டுக்குப் போற. கல்யாணம் நடக்கும்னு அவங்க அம்மாகிட்ட சொல்ற. எந்த சத்தத்துல நிறுத்துனியோ அதே சத்தத்துல."

மறுநாள் பிரகாஷ் வீட்டு வாசலில் நின்றேன். அவன் அம்மா அம்மிக்கல்லைவிட அசையாமல் உட்கார்ந்திருந்தார். வீடியோவை அவரும் பார்த்திருக்கிறார். சொன்னேன். "காதுல வுழல," என்றார். இன்னொரு தடவை சொன்னேன். "இன்னும் கொஞ்சம் தெளிவா சொல்லுங்க சம்மந்தி." மூன்றாவது தடவை, "கல்யாணம் நடக்கும்!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டு நாய் குரைத்தது. அப்போதுதான் அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. "உள்ள வாங்க. வாசல்லயே நின்னுக்கினு எதுக்குக் கத்துறீங்க?"

கவிதாவிடமிருந்து இன்னொரு தண்டனையும் இருந்தது. கடைசி ஆட்டத்துக்கு நான் போகக் கூடாது.

போகவில்லை. அந்தச் சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து கையாலேயே மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தேன். ஆறு மணி வாக்கில் மைதானத்துப் பக்கமிருந்து ஒரு கூச்சல் வந்தது. சண்டையாக இருக்கும் என்று நினைத்தேன். அரை மணி கழித்து செல்வி ஓடி வந்தாள். "ஒண்ணுக்குப் பூஜ்யம்! நம்ம மாப்புள அடிச்சிட்டாரு!"

நிச்சயத்துக்குப் பிறகு அவன் அடித்த ஒரே கோல். அதை நான் பார்க்கவில்லை.

விசாரணையை ஆரம்பித்தேன். இடது காலால் அடித்தான் என்றாள் செல்வி. முட்டியில் பட்டுப் போனது என்றான் சதீஷ். அடிக்கவே இல்லை, வழுக்கி விழும்போது முதுகில் பட்டது என்றான் ஜெகன். பிரகாஷைக் கேட்டேன். "கண்ண மூடிக்கினேன் மாமா," என்றான். வீடியோ எங்கே என்றேன். ஒருவரிடமும் இல்லை. எங்கள் முன்வரிசையை நம்பி எவனும் போனை வெளியே எடுக்கவில்லையாம். நான் வாணியம்பாடியில் கத்தியதை எடுக்க அத்தனை போன் இருந்தது, இதற்கு ஒன்று இல்லையா?

சரியாகப் பார்த்த ஒரே சாட்சி இம்தியாஸ். அவன் கையைத் தாண்டித்தான் பந்து போயிருக்கிறது. எப்படி அடிப்பார்கள் என்று எல்லாம் தெரிந்த கையைத் தாண்டி. கேட்க வேண்டும் என்று நினைத்தேன், வழக்கம்போல் கேட்கவில்லை.

ஆவணியில் கல்யாணம். தாலி கட்டி முடிந்து, பந்தியில் இம்தியாஸ் உட்கார்ந்திருந்தபோது, பாயசம் ஊற்றுகிற சாக்கில் அவன் பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"தம்பி, உண்மைய சொல்லு. அந்தப் பந்து தானா போச்சா? நீ வுட்டியா?"

அவன் இலையிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தான். மேடையில் கவிதாவும் பிரகாஷும் போட்டோவுக்கு நின்றிருந்தார்கள். அதையும் பார்த்தான். மைதானத்து ஓரத்தில் அன்றைக்குச் சிரித்தானே, அதே சிரிப்பு.

"தாலி ஏறிடுச்சி மாமா. இப்ப கேட்டு இன்னா பண்ணப் போறீங்க?"

பக்கத்து இலையில் சதீஷ் இருந்தது என் கெட்ட நேரம். அன்று சாயங்காலத்துக்குள் அது வீடு முழுக்கத் தெரிந்துவிட்டது. அதிலிருந்து நான் எதைச் சந்தேகப்பட்டு வாயைத் திறந்தாலும் எங்கள் வீட்டில் பதில் இதுதான். கரண்ட் பில் ஏன் கூடிற்று என்றால் இதுதான். பேங்க் பாஸ்புக் எங்கே என்றால் இதுதான். நேற்று குழம்பை ஒரு வாய் வைத்துவிட்டு, இது இன்றைக்கு வைத்ததா நேற்று வைத்ததா என்று செல்வியிடம் கேட்டேன்.

"தாலி ஏறி இருவத்தேழு வருசம் ஆச்சி," என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல். "இப்ப கேட்டு இன்னாய்யா பண்ணப் போற?"

சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினேன். ஆனால் நேற்று வைத்ததுதான்.