கம்பைலரும் உறைமோரும்

அரைகுறை புத்திசாலிக்கு அவசரமும் சேர்ந்துவிட்டால் ஊர் தாங்காது. எண்பதுகளின் கடைசியில் தென்காசியில் நான் அப்படி ஒருவனாக இருந்தேன். 'கம்ப்யூட்டர் தெரிஞ்ச பையன்' என்று பேர் (போட்டிக்கு ஆள் கிடையாது). அந்தப் பேரை நம்பித்தான் திருவேங்கடத்திலிருந்து செண்பகத்தின் ஜாதகமும் போட்டோவும் வந்தன. போட்டோவைப் பார்த்த அன்றே நான் விழுந்துவிட்டேன்.

குற்றாலத்தில் சாரல் தொடங்கியதும் பெண் வீட்டார் குளிக்க வருவதாகவும், அப்படியே என் ஆபீஸையும் பார்ப்பதாகவும் ஏற்பாடு. நான் சும்மா இருந்திருக்கலாம். "பொண்ணு பேரைக் கோலத்துக்கு நடுவுல கம்ப்யூட்டரே அடிச்சுத் தரும்" என்று சொல்லி அனுப்பினேன்.

அந்தக் கோல நிரல் சென்னை நண்பன் அனுப்பிய டேப்பில் இருந்தது. இலவசம்தான். மூல நிரலைக் கொடுத்துவிடுவார்கள், நாமே நம் மெஷினில் கட்டிக்கொள்ள வேண்டும். எங்கள் மெஷினிலோ ஆதிகாலத்துக் கம்பைலர். (மனிதன் எழுதியதை மெஷின் ஓட்டும்படி மாற்றித் தருவதுதான் கம்பைலர்.) வரிக்கு வரி பிழை சொன்னது. டேப்பிலேயே புதுக் கம்பைலரின் மூல நிரலும் இருந்தது. முதலில் அதைக் கட்டுவோம் என்றால் டிஸ்கில் இடமில்லை.

புதுசுதான் வரப்போகிறதே, பழசு எதற்கு? பழைய கம்பைலரை அழித்தேன். எழுந்து நின்று சோம்பல் வேறு முறித்தேன்.

கட்டச் சொல்லிக் கட்டளை கொடுத்தால், 'கம்பைலரைக் காணோம்' என்றது மெஷின். புதுக் கம்பைலரும் ஒரு நிரல்தான், அதைக் கட்டவும் ஒரு கம்பைலர் வேண்டும் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. நகலும் எடுத்து வைக்கவில்லை. வியர்த்து வழிய நிமிர்ந்தால், வாசலில் செண்பகமும் அவள் வீட்டாரும். செண்பகத்தின் அப்பா தோளில் ஈரத் துண்டு.

"கோலம் எங்க, தம்பி?"

நடந்ததைச் சொன்னேன். பொய் சொல்லத் தெம்பில்லை. "வேலை தெரியாத பயலுக்கா பொண்ணைக் குடுக்க?" என்று அவர் மனைவியிடம் முணுமுணுத்தார் (தெருமுனை வரை கேட்டது).

செண்பகம்தான் வாய் திறந்தாள். "உறைமோரைக் கீழ ஊத்திட்டு, பாலைக் காய்ச்சி வச்சுக்கிட்டு நிக்கீயளோ?"

தலையாட்டினேன்.

"அப்ப பக்கத்து வீட்டுல கேக்க வேண்டியதுதானே?"

அவள் அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் திருநெல்வேலிக்கு பஸ் ஏறி, எங்களுடையதைப் போலவே மெஷின் வைத்திருந்த ஓர் ஆபீஸில் பழைய கம்பைலரை டேப்பில் இரவல் வாங்கி வந்தேன். அதை வைத்துப் புதுசைக் கட்டினேன். (இந்த முறை இடத்துக்காக அழித்தது, நான் ஒளித்து வைத்திருந்த விளையாட்டுகளை.) கோலம் திருவேங்கடம் போய்ச் சேர்ந்தது. சம்மதமும் வந்தது.

கல்யாணச் சீரில் பித்தளைப் பாத்திரங்களுக்கு நடுவே ஒரு தூக்குவாளி. மாமனார் அதை மட்டும் சபைக்கு நடுவில் தன் கையால் கொடுத்தார். திறந்தால் உறைமோர். "மாப்ளே, இதையாவது அழிக்காம வச்சுக்கிடுங்க!" மண்டபமே சிரித்தது.

அந்த உறையில்தான் இன்றும் எங்கள் வீட்டுத் தயிர். நான் இரண்டாம் தடவை சோற்றுக்குத் தயிர் ஊற்றக் கரண்டியை எடுத்தால் போதும், உள்ளேயிருந்து செண்பகம் மகளுக்குக் குரல் கொடுப்பாள்:

"ஏட்டி, அப்பா கையில இருந்து சட்டியை வாங்கு. கம்பைலரை அழிச்சிரப் போறாவ!"