சுழற்றி எறிந்த சாக்ஸ்

தலையில் இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது எனக்கு. மைத்துனன் எங்கள் வீட்டோடு வந்து தங்கப் போகிறானாம். சும்மா வரவில்லை, டிரம் செட்டோடு வருகிறான். அதை வைக்கப் போவது என் அறையில். இந்த வீட்டில் நான் கதவைச் சாத்திக்கொண்டு நிம்மதியாகத் தூங்கும் ஒரே இடம் அது.

"அறையை விடமாட்டேன். கூடை தீர்ப்பு சொல்லட்டும்" என்றேன் மனைவியிடம்.

எங்கள் வீட்டில் எந்தச் சண்டைக்கும் மேல்கோர்ட் அழுக்குத்துணிக் கூடைதான். கல்யாணமான புதிதில் வந்த வழக்கம். எங்கள் படுக்கையறைக் கட்டிலில் உட்கார்ந்தபடி, சுருட்டிய சாக்ஸை நான் கதவோரக் கூடைக்குள் எறிய வேண்டும். விழுந்தால் என் பேச்சு, விழாவிட்டால் அவள் பேச்சு. இதுவரை அவள் பேச்சுதான்.

ஆனால் இந்த முறை என்னிடம் விஞ்ஞானம் இருந்தது. துப்பாக்கிக் குழாயின் உட்புறம் திருகு மாதிரி வரிப்பள்ளம் வெட்டியிருப்பார்களாம். அதில் கிளம்பும் குண்டு தன்னைத்தானே சுற்றிக்கொண்டே பறப்பதால், தலைகுப்புறப் புரளாமல் மூக்கை முன்னே நீட்டிக்கொண்டு குறி தப்பாமல் போகுமாம். படித்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. மானேஜர் இல்லாத நேரமெல்லாம் ஆபீஸ் ஸ்டோர் ரூமில் பயிற்சி எடுத்தேன். சாக்ஸை நீளமாக இறுக்கிச் சுருட்டி, விரலால் ஒரு திருகு திருகி விட்டால், அது பாட்டுக்குக் குப்பைத்தொட்டிக்குள் போய் விழுந்தது. என்னையே என்னால் நம்ப முடியவில்லை.

இதோடு வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். முடிந்தால்தானே! போட்டிக்கு முந்தின நாளே அவளை உட்கார வைத்துப் பாடம் நடத்திவிட்டேன்.

"சுத்தினா போதும், ஆடாம அசையாம நேரா போகும். இனி உன் பாச்சா பலிக்காது."

அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "நம்ம வாஷிங் மெஷினும்தான் சுத்துது. துணியெல்லாம் ஒரே பக்கமா சேந்துட்டா, தடதடன்னு ஆடிக்கிட்டே சமையல்கட்டு வாசல் வரைக்கும் வந்துடுதே, அது ஏங்க?"

"அது மெஷின். இது விஞ்ஞானம்" என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். பாவம், புரியவில்லை என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கட்டிலில் ஏறி உட்கார்ந்தேன். சாக்ஸை அவளே சுருட்டிக் கொண்டுவந்தாள், நான் சொல்லிக்கொடுத்த அதே குண்டு வடிவத்தில். தோற்கப் போகிறவளுக்கு எவ்வளவு பெருந்தன்மை என்று உருகிப்போனேன். கனமாக இருக்கிறதே என்றதற்கு, "இன்னும் சரியா காயலைங்க" என்றாள்.

குறி பார்த்தேன். திருகி விட்டேன்.

பாதி வழி போவதற்குள் சாக்ஸுக்குப் பேய் பிடித்துவிட்டது. தலையை ஆட்டியது, வாலை ஆட்டியது, கூடையை ஏறெடுத்தும் பார்க்காமல் திறந்திருந்த கதவு வழியாக ஹாலுக்குப் போய்விட்டது. அங்கே 'டம்' என்று ஒரு சத்தம். டிரம் எப்போது வந்தது?

மைத்துனன் உள்ளே எட்டிப் பார்த்தான். கையில் என் சாக்ஸ். அதன் ஒரு பக்கத்தில் மட்டும் ஏதோ உள்ளே வைத்துத் தைத்திருந்தது. நூலைப் பிரித்து, கனமான பித்தளைச் சாவி ஒன்றை வெளியே எடுத்தான். என் அறைச் சாவி.

"ரொம்ப தாங்க்ஸ் மாமா. அக்காகிட்டதான் ரூம் சாவி கேட்டேன். மாமாவே தன் கையால தருவாருன்னு சொன்னா."